வெள்ளையன் வீட்டு நீலக் குஞ்சுகள்

1. முதல் ஈடு

அடைக்கூடையின் மேல் போட்டிருந்த சாக்கை நான் எடுத்ததும் துரைசாணியம்மா குனிந்து பார்த்தார். அடைக்கோழியின் இறக்கைக்குள்ளிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"பாவாயி, இதெல்லாம் யாரோட குஞ்சு?"

பதினொன்று பொரித்திருந்தன. ஐந்து குஞ்சுகள் சாம்பல் நீலம். நாலு குஞ்சுகள் கன்னங்கறுப்பு. மீதி இரண்டும் அழுக்கு வெள்ளையில், யாரோ மை தெளித்த மாதிரி இருந்தன. நான் வைத்த முட்டைகளோ சுத்தமான நீலச் சேவலுக்கும் நீலப் பெட்டைகளுக்கும் பிறந்தவை. எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பு நடந்தது இது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டம். துரை இறந்த பிறகு துரைசாணியம்மாதான் அதை நடத்தி வந்தார். என் வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரி. நாங்கள் சேந்தமங்கலத்துப் பக்கம் அடிவாரத்தில் வெள்ளாமை செய்கிற குடும்பம். எங்கள் ஊட்டில் எப்போதும் நாற்பது ஐம்பது கோழிகள் நிற்கும். நான் மலையேறி வந்த இரண்டாம் வாரமே பங்களாக் கோழிப் பட்டியை அம்மா என் கையில் ஒப்படைத்தார்.

அவர் வளர்த்தது முட்டைக்கும் கறிக்குமான கோழியல்ல. ஷோவில் காட்டுகிற கோழி. பெங்களூரிலிருந்து ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் வாங்கி, ரயிலில் சேலம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து மலைக்குத் தலைச்சுமையாக ஏற்றியிருந்தார். ஆண்டலூசியன் என்று ஜாதிப் பெயர். எங்கள் வாயில் அது 'அந்தலூசி' ஆகிவிட்டது. பெரிய ஒற்றைக் கொண்டை, சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைக் காதுமடல், நீண்ட கால். நீலக் கோழி என்று சொன்னால் வானத்து நீலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். சிலேட்டுப் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் வருகிற நிறம் அது. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மெல்லிய கரும்பட்டை ஓடும். அதற்கு லேசிங் என்று பெயர். அந்தப் பட்டை எவ்வளவு தெளிவாக ஓடுகிறதோ அவ்வளவு மார்க்.

இந்த நிறத்தை வளர்க்கிறவர்கள் அப்போது நம் பக்கம் மிகக் குறைவு. அடுத்த வருடம் சேலத்தில் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் கோழிப் பிரிவு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அங்கே சொந்தப் பட்டியில் பிறந்த நீலக் கோழியைக் காட்டவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஒரு நாளைக்கு நான்கு தடவை அதைப் பற்றியே பேசுவார். அந்த அந்தலூசிப் பெட்டைகள் அடை உட்காராது. அதனால் பக்கத்துப் பைல் நாட்டில் தேடி நாட்டு அடைக்கோழி வாங்கிவந்து முட்டை வைத்திருந்தேன். இருபத்தொரு நாள் அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது இந்த மூன்று நிறக் கூட்டம்.

"வெள்ளையனோட சேவல் வேலி தாண்டி வந்திருக்கு. நீ பார்க்காம விட்டிருக்கே" என்றார் அம்மா.

வெள்ளையன் தோட்டத்துக் காவல்காரர். மலைக்காரர். கேழ்வரகுக் கொல்லை தாண்டி ஒரு மேடு ஏறி இறங்கினால் அவர் வீடு. பெரியசாமி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட செவலைச் சேவல் ஒன்று அவரிடம் இருந்தது. காவலுக்கு வரும்போது அதுவும் கூடவே நடந்து வரும். அந்தச் சேவலை இன்றைக்கே அடித்துவிட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டார்.

வெள்ளையன் வந்து கூடைப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, என்ற சேவல் செவலைங்க. அதுக்குப் பொறந்திருந்தா ஒண்ணுலயாவது செவலைச் சாயல் அடிக்க வேண்டாங்களா? இதுல கறுப்பு இருக்குது, வெள்ளை இருக்குது. ஒரு இணுக்குச் செவப்பு இருந்தாக் காட்டுங்க, நானே கழுத்தைத் திருகறேன்."

நான் துணிந்து சொன்னேன். "அம்மா, பட்டியைப் பூட்டிச் சாவியை நீங்களே வெச்சுக்கங்க. இன்னொரு ஈடு முட்டை வெச்சுப் பாக்கலாமுங்க."

சேவல் கூடியபின் பதினைந்து இருபது நாள் வரை பெட்டை இடுகிற முட்டை பொரிக்கும். அதனால் மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளை மட்டும் அடைக்கு வைத்தோம். அந்த ஈட்டில் பதின்மூன்று குஞ்சு. ஏழு நீலம், மூன்று கறுப்பு, மூன்று புள்ளி வெள்ளை. வெள்ளையனின் சேவல் பிழைத்தது. அம்மாதான் இடிந்துபோனார். பெங்களூர்க்காரர் கலப்படக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தார்.

2. வேஸ்டர்

அம்மாவிடம் கோழி வளர்ப்பு பற்றிப் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. நிறம் தப்பிப் பிறக்கிற குஞ்சுக்கு அதில் வேஸ்டர் என்று பெயர். வேஸ்டரைப் பட்டியில் வைக்கக்கூடாது, சமையலறைக்கு அனுப்பு என்று எழுதியிருந்ததாம்.

எனக்கு மனசு வரவில்லை. கறுப்புக் குஞ்சும் புள்ளிக் குஞ்சும் நீலத்தைவிடத் துறுதுறுவென்று இருந்தன. கறையான் புற்றை உடைத்துப் போட்டால் முதலில் ஓடிவருவதும் அவைதான்.

"கொஞ்சம் பெருசாகட்டுங்கம்மா, பாக்கலாம்" என்றேன்.

"ஷோ பட்டியில வேஸ்டர் நின்னா பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? வேண்டாம். வெள்ளையன் சேவலை வீணாப் பழிச்சுட்டேன். அவனுக்கே குடுத்துடு."

இரண்டு ஈட்டிலும் சேர்ந்திருந்த பன்னிரண்டு வேஸ்டர் குஞ்சுகளைக் கூடையில் போட்டு வெள்ளையன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் பெண்சாதி நல்லம்மா வாசலிலேயே கூடையைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "துரைசாணிக்கு ஆகாதது நம்ம ஊட்டுக்கு ஆகும். உடு கண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவற்றை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் பட்டியில் வேலை அவ்வளவு இருந்தது. ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. ஒவ்வொரு ஈடு பொரித்ததும் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பேன். நீலத்துக்கு ஒரு வரிசை, கறுப்புக்கு ஒரு வரிசை, புள்ளிக்கு ஒரு வரிசை. ஐந்தாறு ஈடு ஆனதும் ஒரு நாள் பெருக்கிக்கொண்டே அந்தச் சுவரைப் பார்த்தேன். நீல வரிசை எவ்வளவு நீளமோ, கறுப்பும் புள்ளியும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே நீளம் வந்தது. கறுப்பு வரிசையும் புள்ளி வரிசையும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமம். எந்த ஈட்டிலும் நீலம் மட்டும் தனியாகப் பிறக்கவே இல்லை.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். கலப்படக் கோழியாக இருந்தால் நிறம் கண்டபடி அல்லவா வரவேண்டும்? இது ஏதோ அளந்து போட்ட மாதிரி வருகிறதே! யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "நல்ல சேவல் ஒண்ணு கிடைச்சா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3. மேட்டுக்கு அந்தப்பக்கம்

மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். வெள்ளையன் பட்டிவாசலில் வந்து மூச்சிரைக்க நின்றார்.

"பாவாயம்மா, கொஞ்சம் என்ற ஊட்டுக்கு வாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க. கண்ணால பாருங்க."

"என்னுங்கண்ணா? நல்லம்மாக்காவுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"அவ நல்லாத்தான் இருக்கறா. வாங்க சொல்றேன்."

சேற்றில் வழுக்கிக்கொண்டு மேடு ஏறி இறங்கினோம். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு நாட்டுக்கோழி சீய்த்துக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஒன்பது குஞ்சுகள். நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஒன்பதும் சாம்பல் நீலம். ஒரு கறுப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"இதுக்குத் தாய் எதுங்க?" என்று கேட்டேன்.

நான் கொண்டுவந்து கொடுத்த பன்னிரண்டில் கீரி கொண்டுபோனதும் சீக்கில் போனதும் போக நான்குதான் மிஞ்சியிருந்தன. ஒரு கருஞ்சேவல், மூன்று புள்ளிப் பெட்டை. செவலைச் சேவலைப் பெரியசாமி கோயிலில் பலி செலுத்தி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முற்றத்தில் இருந்த ஒரே சேவல் அந்தக் கருப்பன்தான். புள்ளிப் பெட்டைகள் இட்ட முட்டை பெரியதாகவும் வெளேரென்றும் இருந்ததால் நல்லம்மா அவற்றை மட்டும் பொறுக்கி அடைக்கு வைத்திருக்கிறாள்.

கறுப்பும் புள்ளி வெள்ளையும் சேர்ந்தால் நீலம். அங்கேயே எனக்குச் சட்டென்று பிடிபட்டது. காப்பி டிகாக்ஷனில் பாலை ஊற்றினால் ஒரு நிறம் வருகிறது. அந்தக் காப்பியிலிருந்து பாலைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஆனால் இந்தக் கோழியில் பிரிகிறது! நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் பாதி நீலமாக நிற்கிறது, மீதி பாதி கறுப்பாகவும் வெள்ளையாகவும் திரும்பிப் போகிறது. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் முழுக்க நீலம். கழிசடை என்று நாங்கள் தூக்கிக் கொடுத்ததில்தான் அத்தனை நீலமும் இருந்திருக்கிறது.

சந்தோஷத்தில் நல்லம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினேன். "இருங்க, அம்மாவைக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். அன்றைக்கு நான் யோசிக்காமல் ஓடியதுதான் தப்பு.

4. தடியைக் கீழே வைத்தார்

அம்மா வந்தார். ஒன்பது குஞ்சுகளையும் பார்த்தார். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு முற்றத்தில் நின்ற கருஞ்சேவலையும் புள்ளிப் பெட்டைகளையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என் முட்டை எப்படி இங்கே வந்தது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க முட்டை இல்லீங்கம்மா. இந்தப் புள்ளிப் பெட்டை போட்ட முட்டை. கறுப்பும் வெள்ளையும் சேந்தா..."

"கறுப்புச் சேவலுக்கும் வெள்ளைப் பெட்டைக்கும் என் நீலத்தைவிட நல்ல நீலம் பிறக்குமா? என்னை என்னன்னு நினைச்சே?"

"பட்டியில ஒரு முட்டை குறையலீங்கம்மா. தினம் நானே எடுக்கறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எடுக்கறவ நீதானே?"

அந்த வார்த்தை என் மேல் மட்டும் விழவில்லை, வெள்ளையன் மேலும் விழுந்தது. முற்றத்தைச் சுற்றி அந்தக் குடியிருப்பு ஜனம் எல்லாம் கூடியிருந்தது. சேந்தமங்கலத்துக்கு ஆளனுப்பிப் போலீசைக் கூப்பிடப் போவதாக அம்மா சொன்னார்.

வெள்ளையன் சத்தம் போடவில்லை. கையிலிருந்த காவல் தடியை அம்மாவின் காலுக்கு முன்னால் கீழே வைத்தார்.

"ஒம்போது வருசமா உங்க காப்பிக்குக் காவல் இருக்கறனுங்க. ஒரு கொட்டை தொட்டிருப்பனா? காவக்காரனே திருடன்னா அப்புறம் இந்தத் தடி எதுக்குங்க? எடுத்துட்டுப் போங்க."

அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று கண்ணீரை அடக்கிக்கொண்டேன். "அம்மா, போலீசு வரட்டும், வேண்டாங்கல. ஆனா அதுக்கு முன்னால இந்தக் கருப்பனையும் மூணு பெட்டையையும் உங்க பங்களா வராந்தாவுக்கு நேர் எதிர்ல கூண்டுல அடைங்க. முட்டையை நீங்களே எடுங்க. ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல உங்க பேரை எழுதுங்க. நான் கிட்டவே வரல. பொரிக்கறப்ப ஒரே ஒரு குஞ்சு வேற நெறத்துல வந்தாக்கூட நானும் என்ற ஊட்டுக்காரரும் மலையை உட்டு எறங்கிடறோம். அப்புறம் நீங்க யாரைக் கூப்பிட்டாலும் சரி."

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் அடங்காது. ஆனால் பந்தயம் என்றால் விடமாட்டார். "சரி" என்றார்.

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "உன்ற கோழிக்காக என்ற மேஸ்திரி வேலையையும் சேத்துப் பந்தயம் கட்டிட்டு வந்திருக்கறயே!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாலுமே எல்லாம் நீலமாப் பொறக்குமா?" என்று கேட்டார். பிறக்கும் என்றேன். என் சுவர்க் கோடுகளை அவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

5. ஈரத்தில் எல்லாம் கறுப்பு

வெள்ளையன் பங்களாப் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்லம்மாதான் நான்கு கோழிகளையும் கூடையில் சுமந்துவந்து விட்டுப்போனாள். அம்மா வராந்தாவில் நாற்காலி போட்டுக் கூண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்டையைத் தானே எடுத்துத் தானே எழுதினார். பதினாலு முட்டை சேர்ந்ததும் இரண்டு நாட்டுக்கோழிகளுக்குப் பிரித்து வைத்தார். எனக்குத் தீனி போடுகிற வேலை மட்டும்தான்.

அந்த இருபத்தொரு நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு ஈட்டை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவு பெரிய வார்த்தை விட்டுவிட்டோமே என்று ஒரு நிமிஷம் பயப்படுவேன். அடுத்த நிமிஷம் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெம்பாக இருப்பேன்.

இருபத்தோராம் நாள் காலை முதல் முட்டையில் விரிசல் விழுந்தது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நாலடி தள்ளி நின்றேன். வேலிக்கு வெளியே சவுக்கு மரத்தடியில் வெள்ளையன் வந்து நிற்பது தெரிந்தது. படி மிதிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

ஓடு பிளந்தது. குஞ்சு வெளியே வந்து விழுந்தது. கறுப்பு.

"கறுப்பு!" என்று அம்மா எழுந்துவிட்டார்.

"இருங்கம்மா, இருங்க. ஈரத்துல எல்லாக் குஞ்சும் கறுப்பாத்தான் தெரியும். காயட்டுங்க."

அவருக்கும் அது தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டார். அடைக்கோழியின் சூட்டில் அந்தக் குஞ்சு மெல்ல மெல்லக் காய்ந்தது. முதலில் முதுகில் ஒரு இணுக்கு உப்பிக்கொண்டு வந்தது. அப்புறம் தலை. கறுப்பு வெளிறிச் சிலேட்டு நிறமானது. நீலம்!

அதற்குள் இரண்டாவது ஓடு பிளந்தது. மூன்றாவது. அந்தப்பக்கத்துக் கூடையில் ஒன்று கீச்சிட்டது. அம்மா இரண்டு கூடைக்கும் நடுவில் முழங்காலிலேயே போய்ப்போய் வந்தார். மத்தியானச் சாப்பாட்டைச் சமையல்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் அங்கேயே நின்றுவிட்டார். பதினாலில் மூன்று கூமுட்டை. பதினொன்று பொரித்தன. கடைசிக் குஞ்சு காய்கிற வரைக்கும் யாரும் நகரவில்லை. அதுவும் நீலம்.

"எல்லாம் நீலம்! பாவாயி, எல்லாம் நீலம்!"

அம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் சிரித்தேன், அழுதேன், எதுவென்று தெரியவில்லை. திடீரென்று அம்மா வராந்தாவுக்குள் போய், அன்றைக்குக் கொண்டுவந்து மூலையில் சாத்தியிருந்த காவல் தடியை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.

"வெள்ளையா, நான் செஞ்சது தப்பு. உன் தடியை வாங்கிக்க."

வெள்ளையன் வாங்கவில்லை.

"நாஞ் சொன்னப்ப நம்பலீங்க. இந்தம்மா சொன்னப்பவும் நம்பலீங்க. குஞ்சு சொன்னாத்தான் நம்புவீங்களா?"

அம்மா தடியை நீட்டியபடியே நின்றார்.

"திருடன்னு நீங்க சொன்னது என்ற ஊட்டு வாசல்லீங்க. ஊரே கேட்டுதுங்க. இல்லீன்னு சொல்றதையும் அங்கயே வந்து சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

மறுநாள் காலை அம்மா மேடு ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். அந்தக் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, வெள்ளையன் திருடவில்லை, பாவாயி பொய் சொல்லவில்லை, நான்தான் தெரியாமல் பழி போட்டேன் என்று தமிழில் சொன்னார். வார்த்தை தடுமாறியது. ஆனால் ஒன்றையும் விழுங்கவில்லை. வெள்ளையன் தடியை வாங்கிக்கொண்டார். நல்லம்மா பலாச்சுளையும் தேனும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

6. ஈரத்துணி

எங்களிடம் இருந்த இளஞ்சேவல்களிலேயே அழகு வெள்ளையன் வீட்டு முதல் ஒன்பதில் ஒன்று. கழுத்தும் முதுகும் கரு வெல்வெட்டு. நெஞ்சில் ஒவ்வொரு இறகும் பேனாவால் கோடு இழுத்தது போல. அதை அம்மா விலைக்குக் கேட்டார். தரமாட்டேன், ஆனால் ஷோவுக்குக் கொண்டுவருகிறேன் என்றார் வெள்ளையன்.

இரண்டு மாதம் அதைத் தயார் செய்தோம். இந்த நிறம் வெயில் பட்டால் பழுப்பேறிவிடும். அதனால் காலை இளவெயிலோடு சரி, மற்ற நேரம் மரநிழல்தான். கொண்டைக்குத் தேங்காயெண்ணெய். காலைத் தேய்த்துக் கழுவுவது. கூண்டில் நிமிர்ந்து நிற்கப் பழக்குவது. வெள்ளையனைக் கண்டால் மட்டும் அது தானே நெஞ்சை நிமிர்த்தும்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மூங்கில் கூண்டுக்கு ஈரச்சாக்கு சுற்றி, வெள்ளையனும் என் வீட்டுக்காரரும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் இறங்கினார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால். அம்மா குடையை ஊன்றிக்கொண்டு முன்னால். ஒரு வளைவில் என் வீட்டுக்காரர் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூண்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. "கோழிக்கு ஒண்ணுமில்லீல்ல?" என்று அவர்தான் முதலில் கேட்டார். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் கூண்டை மேலே கட்டச் சொன்னார். முடியாது என்று மடியிலேயே வைத்துக்கொண்டோம்.

கண்காட்சிக் கொட்டகையில் பேர் எழுதுகிற குமாஸ்தா அம்மாவின் பெயரை எழுதப் போனார். "சேவலுக்கு ஓனர் நானில்லே, இவர்" என்று அம்மா வெள்ளையனைக் காட்டினார்.

"இவரா? மலைக்காரரா?"

"ஆமாங்க, நாந்தான். வெள்ளையன், எடப்புளி நாடு, கொல்லிமலைன்னு எழுதுங்க" என்றார் வெள்ளையன்.

நடுவராக வந்தவர் கால்நடை டாக்டர் ஒருவர். எங்கள் கூண்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். இப்படி ஒரு நீலத்தை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்றார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. சிலர் சாயம் ஏற்றிக் கொண்டுவருவார்களாம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து சேவலின் நெஞ்சு இறகைத் தேய்த்தார். சுற்றிலும் கூட்டம் எட்டிப் பார்த்தது. துணியைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கூட்டம் கைதட்டியது. இறக்கையைத் தூக்கி அடியிலும் தேய்த்தார். அப்போதும் வெள்ளைதான். அந்தச் சமயம் பார்த்து எங்கள் சேவல் கழுத்தை நீட்டி ஒரு கூவல் போட்டது. கொட்டகையே சிரித்தது.

முதல் பரிசுச் சீட்டைக் கூண்டில் குத்தினார்கள். அதில் இருப்பது தன் பெயர்தானா என்று வெள்ளையன் என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் மூன்று தடவையும் சத்தமாகப் படித்தேன்.

7. சீமைக் கடிதம்

இத்தனையும் ஆனபிறகு, சீமையில் இருந்த தன் தம்பிக்கு அம்மா பெரிய கடிதம் எழுதினார். நாங்கள் கண்டுபிடித்ததை எல்லாம் என் சுவர்க் கோட்டுக் கணக்கோடு எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த விஷயம் சீமையில் முன்பே தெரியுமாம். முப்பது வருடம் போல ஆகிவிட்டதாம், புரொபசர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறாராம். நீலம் பாதி, கறுப்பு கால், புள்ளி கால் என்று எங்கள் சுவர்க் கணக்கேதான். அம்மாவின் புத்தகம் அதற்கும் பழையது.

அம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கு அப்படி இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. கடல் தாண்டி எங்கேயோ ஒரு படித்த மனிதரும், இந்த மலைமேல் மூன்றாம் கிளாஸ் படித்த நானும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகிறது!

"அப்ப நாம போட்ட கணக்கு சரிதானுங்க?" என்று கேட்டேன்.

"சரிதான்" என்றார் அம்மா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் பல பட்டிகளில் வேலை பார்த்தேன். கோழி வளர்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பட்டியில் ஒரு நோட்டு வையுங்கள். நல்லதாகப் பிறந்ததை எழுதுவதற்கு முன்னால், நிறம் தப்பிப் பிறந்தது எத்தனை, என்ன நிறம் என்பதை முதலில் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டிய நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் குஞ்சுகள்தான் காட்டிக்கொடுக்கும். கணக்குக்கு ஒத்துவராத எதையாவது யாராவது வந்து சொன்னால், அவரைத் திருடன் என்று நினைப்பதற்கு முன்னால் இருபத்தொரு நாள் பொறுங்கள். முட்டைக்கே அவ்வளவு நாள் கொடுக்கிறோம். மனுசனுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?